லேன் ஒயர் மட்டும் உள்ள கருவிகளுக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து இணையம் கொடுப்பது எப்படி?

வீட்டில் பிராட்பேண்ட் இல்லை. இருப்பது போனில் போட்ட டேட்டா பேக் மட்டும்தான். ஆனால் இணையம் கேட்பவையோ வைஃபை இல்லாத பழைய டெஸ்க்டாப், முதுகில் ஒரே ஒரு லேன் சாக்கெட் வைத்திருக்கும் சிசிடிவி டிவிஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி), ஒயர் வழியாக மட்டும் பேசும் லேசர் பிரிண்டர். வாடகை வீடு, கிராமத்து வீடு, புதிதாகக் கட்டி இன்னும் ஃபைபர் ஒயர் வராத வீடு என்று இந்த நிலைமையில் இருப்பவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இது.

இங்கே பலரும் செய்யும் முதல் தவறு, கடைக்குப் போய் "ஒரு ரூட்டர் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வருவது. சாதாரண ரூட்டர் ஒயரில் வரும் இணையத்தை வாங்கி வைஃபையாக விடும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் தலைகீழ்: வைஃபையில் வருவதைப் பிடித்து ஒயரில் கொடுக்கும் பெட்டி. பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே பெட்டியின் மேல் என்ன அச்சாகியிருக்கிறது என்பதைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். என்ன எழுத்தைத் தேட வேண்டும் என்பது 4ஆம் படியில் வருகிறது. ஆனால் அதற்கு முன்பே, பெட்டி எதுவும் வாங்காமல் வேலை முடிந்துவிடவும் வாய்ப்பு உண்டு.

1. போனைத் தயார் செய்யுங்கள்

பாதிப் பிரச்சினை போனில்தான் இருக்கும். பழி ரூட்டர்மேல் விழும். ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

பெயர்: ஹாட்ஸ்பாட் பெயரை வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக, இடைவெளி இல்லாமல் வையுங்கள். ஐபோன் தானாக வைக்கும் பெயரில் உரிமையாளர் பெயருக்குப் பின்னால் ஒரு வளைந்த மேற்கோள் குறி இருக்கும். பழைய ரூட்டர்கள் பல அதைப் புரிந்துகொள்ளாது. பட்டியலில் பெயர் கோணல்மாணலாகத் தெரியும், இணைக்கப் போனால் தோற்கும். செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் போய் போனின் பெயரை மாற்றினால் தீர்ந்தது. தமிழ் எழுத்து, ஸ்மைலி வைத்த பெயர்களுக்கும் இதே கதி.

அலைவரிசை: மலிவான ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும்தான் பிடிக்கும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் விட்டால் ரூட்டரின் தேடலில் பெயரே வராது. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் பேண்ட் என்ற இடத்தில் 2.4 என்று மாற்றுங்கள். ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில் "மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி" என்ற சுவிட்சை ஆன் செய்தால் 2.4க்கு இறங்கிவிடும்.

பாதுகாப்பு: புதிய போன்கள் டபிள்யூபிஏ3 (WPA3) என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையை வைத்திருக்கலாம். பழைய பெட்டிகளுக்கு டபிள்யூபிஏ2தான் தெரியும். டபிள்யூபிஏ2 அல்லது இரண்டும் கலந்த தேர்வை வையுங்கள். பாஸ்வேர்டே போடாமல் திறந்து வைப்பது மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் ஒருநாள் டேட்டாவை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

தானாக அணைவது: யாரும் இணையாவிட்டால் சில நிமிடங்களில் ஹாட்ஸ்பாட்டை அணைக்கும் வழக்கம் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு. கரண்ட் போய் ரூட்டர் அணைந்தால் போன் ஹாட்ஸ்பாட்டை மூடிவிடும். கரண்ட் வந்தபின் ரூட்டர் தேடிக்கொண்டே இருக்கும். எனவே அந்த நேரக்கெடுவை "ஒருபோதும் வேண்டாம்" என்று மாற்றுங்கள். ஐபோனில் இப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. இணைப்பு அறுந்து சிறிது நேரம் ஆனபின், பெர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து வைத்தால்தான் மற்ற கருவிகளின் கண்ணில் படும். ஆளில்லாத வீட்டில் டிவிஆருக்கு ஐபோனை நம்புவது சரிவராது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

கடைசியாக, டேட்டா சேவர் ஆனில் இருந்தால் ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டையே அனுமதிக்காது. அதை அணைத்துவிடுங்கள்.

2. ஒரே ஒரு கம்ப்யூட்டரா? சார்ஜர் கேபிள் போதும்

செலவு: பெரும்பாலும் சுழியம். நேரம்: 5 நிமிடம்.

போனை யூஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் போய் "யூஎஸ்பி டெதரிங்" ஆன் செய்யுங்கள். கேபிள் சொருகாதவரை இந்தச் சுவிட்ச் மங்கலாகத்தான் இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டும் போனை ஒரு லேன் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். தனியாக டிரைவர் தேட வேண்டியதில்லை. ஐபோன் என்றால் விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் செயலி இருக்க வேண்டும். போனில் வரும் "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா" என்ற கேள்விக்கு ஆம் சொல்ல வேண்டும். அந்தச் செயலியைப் பதிவிறக்கவே இணையம் வேண்டும் என்பதுதான் இதில் வேடிக்கை. வேறு கம்ப்யூட்டரில் எடுத்து பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

போன் சார்ஜ் ஆகிறது, ஆனால் டெதரிங் சுவிட்ச் உயிர் பெறவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். பவர் பேங்க்கோடு வரும் மலிவுக் கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு ஒயர்தான் இருக்கும், டேட்டா ஒயர் இருக்காது. போனோடு வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

போனை மேசையோடு கட்டிப்போட விருப்பமில்லையா? கம்ப்யூட்டரில் சொருகும் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் சுமார் 400 முதல் 800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது கம்ப்யூட்டருக்கு மட்டும். டிவிஆரின் யூஎஸ்பி ஓட்டையில் கண்ட டாங்கிளையும் சொருகினால் வேலை செய்யாது. அதில் டிரைவர் போட வழி கிடையாது, அந்த நிறுவனம் குறிப்பிட்ட மாடல் மட்டும்தான் ஓடும்.

3. ஒரே கருவி, பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று சும்மா இருக்கிறதா? ஈதர்நெட் டெதரிங்

இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் டெதரிங் பக்கத்தில் "ஈதர்நெட் டெதரிங்" என்று ஒரு தேர்வு உண்டு. டைப் சி முனையில் லேன் சாக்கெட் வைத்த அடாப்டரைப் போனில் சொருகி, அதிலிருந்து லேன் கேபிளை டிவிஆருக்கோ டெஸ்க்டாப்புக்கோ கொடுத்து, அந்தத் தேர்வை ஆன் செய்தால் முடிந்தது. நடுவில் வைஃபையே இல்லை. போன் நேராக ஒயரில் இணையம் கொடுக்கிறது. மேலே சொன்ன பேண்ட், பெயர், டபிள்யூபிஏ தலைவலி எதுவும் கிடையாது.

அடாப்டர் வாங்கும்போது உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். ரியல்டெக் 8152 அல்லது 8153, ஏசிக்ஸ் 88179 போன்றவை பெரும்பாலான போன்களில் ஓடும். சிப் பெயர் எழுதாத அடாப்டரை, வேலை செய்யாவிட்டால் திருப்பித் தரலாம் என்ற உறுதி இருந்தால் மட்டும் வாங்குங்கள். 100 எம்பிபிஎஸ் வகை சுமார் 500 முதல் 800 ரூபாய், கிகாபிட் வகை 1,000 ரூபாய்க்கு மேல். மொபைல் டேட்டாவுக்கும் டிவிஆருக்கும் 100 போதும்.

சிக்கல் ஒன்றுதான்: போனின் ஒரே ஓட்டை அடாப்டருக்குப் போய்விட்டால் சார்ஜ் எப்படி? சார்ஜரையும் ஏற்கும் பிடி (PD, பவர் டெலிவரி) வசதி உள்ள யூஎஸ்பி ஹப் வாங்க வேண்டும். லேன் சாக்கெட்டும் அதிலேயே இருந்தால் நல்லது. சில போன்கள் அடாப்டரையும் சார்ஜையும் ஒன்றாக ஏற்க மறுக்கும். அதை வீட்டில் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

4. இரண்டு மூன்று கருவிகள் என்றால்: டபிள்யூஐஎஸ்பி (WISP) ரூட்டர்

முதலில் சொன்ன, வைஃபையைப் பிடித்து ஒயரில் கொடுக்கும் பெட்டி இதுதான். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஆபரேஷன் மோடு (Operation Mode) என்ற வரியைத் தேடுங்கள். அதில் ரூட்டர், ஆக்சஸ் பாயிண்ட், ரேஞ்ச் எக்ஸ்டெண்டர், டபிள்யூஐஎஸ்பி என்று நான்கும் இருந்தால் வாங்கலாம். டிபி-லிங்க்கின் டபிள்யூஆர் 844என், 845என், உள்ளங்கையளவு இருக்கும் 802என் ஆகியவற்றில் இது உண்டு. இந்த வகைக்குச் சுமார் 1,000 முதல் 1,800 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். 802என்னில் லேன் ஓட்டை ஒன்றே ஒன்று. கருவி கூடினால் 500 ரூபாய்ச் சொச்சத்துக்கு ஒரு 5 போர்ட் சுவிட்ச் சேர்க்க வேண்டும். மற்ற இரண்டிலும் அந்தத் தொல்லை இல்லை. பில்லைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்குப் பில்லும், பெட்டியின் அடியில் உள்ள சீரியல் எண்ணும்தான் ஆவணம்.

லேன் ஓட்டை வைத்த ரேஞ்ச் எக்ஸ்டெண்டரையும் (இருக்கும் வைஃபையை மேலும் தூரம் பரப்பும் பெட்டி) கடைக்காரர் காட்டுவார். அதுவும் வேலை செய்யும், ஆனால் எப்போதும் அல்ல. எக்ஸ்டெண்டர் தானாக ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) கொடுப்பதில்லை. ஒயரில் இருக்கும் கருவிக்கான முகவரியைப் போனிடமிருந்து கேட்டு வாங்கித்தர முயலும். போனின் வைஃபையோ தன்னிடம் நேராக இணைந்த ஆளோடுதான் பேசும். அவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவரை அதற்குத் தெரியாது. எக்ஸ்டெண்டர் இதைச் சமாளிக்க ஒரு வித்தை செய்யும். சில போன்களில் அது பலிக்கும், சிலவற்றில் பலிக்காது. டபிள்யூஐஎஸ்பி முறையில் இந்தத் தொல்லை கிடையாது. போனின் கண்ணுக்கு ரூட்டர் மட்டும் ஒரே விருந்தாளி. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு ரூட்டரே முகவரி கொடுத்துக்கொள்ளும். இரண்டில் எதை வாங்குவது என்று குழப்பம் இருந்தால் டபிள்யூஐஎஸ்பி பக்கம் போங்கள்.

அமைக்கும் முறை, நேரம் சுமார் அரை மணி:

ரூட்டருக்குப் பவர் கொடுத்து, அதன் லேன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போடுங்கள். வேன் (WAN, வெளியிலிருந்து இணையம் வரும் பக்கம்) என்று தனி நிறத்தில் இருக்கும் ஓட்டையைத் தொட வேண்டாம். பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்தால் பக்கம் திறக்கும். திறக்காவிட்டால் ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள லேபிளில் முகவரி இருக்கும். கம்ப்யூட்டர் இல்லையென்றால் இன்னொரு போனில் ரூட்டரின் வைஃபையைப் பிடித்து இதே வேலையைச் செய்யலாம். ஹாட்ஸ்பாட் விடப்போகும் போனிலேயே செய்ய முயல வேண்டாம். அது ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இருக்க முடியாமல் நடுவழியில் இணைப்பை விட்டுவிடும்.

நிர்வாகப் பாஸ்வேர்டு ஒன்றை வைத்து, ஆபரேஷன் மோடில் டபிள்யூஐஎஸ்பியைத் தேர்ந்து சேமியுங்கள். ரூட்டர் அணைந்து எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். எழுந்ததும் சுற்றியுள்ள வைஃபை பெயர்களைத் தேடும் பொத்தான் வரும். உங்கள் போனின் பெயரைத் தேர்ந்து பாஸ்வேர்டு கொடுங்கள். இணைப்பு வகை கேட்டால் டைனமிக் ஐபி. ரூட்டர் தன் பங்குக்கு ஒரு வைஃபை விடும். அதற்குப் போனின் பெயரையே வைக்காதீர்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் வீட்டிலுள்ள மற்ற கருவிகள் எதைப் பிடித்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியாது.

இன்னும் ஒரு வேலை, பலரும் விட்டுவிடுவது: ரூட்டரின் லேன் முகவரியை 192.168.50.1 என்று மாற்றிவிடுங்கள். புதிய ஆண்ட்ராய்டு போன்கள் ஹாட்ஸ்பாட்டுக்கு எந்த முகவரி வரிசையையும் எடுத்துக்கொள்ளலாம். அது ரூட்டரின் 192.168.0 வரிசையோடு மோதினால் எல்லாம் பச்சையாக இருக்கும், இணையம் மட்டும் வராது.

எங்கே வைப்பது? போன் டவர் சிக்னல் நன்றாக வரும் ஜன்னல் பக்கம். ரூட்டர் அதே அறையில், இரண்டு மூன்று மீட்டருக்குள். டிவிஆர் மாடியிலோ கடைசி அறையிலோ இருந்தால் அந்தத் தூரத்தை லேன் கேபிள் கடக்கட்டும். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ரூட்டரை டிவிஆர் பக்கத்தில் வைத்து வைஃபையை மூன்று சுவர் தாண்ட வைப்பவர்கள்தான் "அடிக்கடி ஆஃப்லைன் ஆகிறது" என்று புலம்புவார்கள்.

5. டிவிஆருக்குச் செய்ய வேண்டியவை

கேபிளைச் சொருகியதும் டிவிஆரின் லேன் சாக்கெட்டைக் குனிந்து பாருங்கள். பச்சையோ மஞ்சளோ ஒரு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் செட்டிங்ஸில் எதைத் தட்டியும் பயனில்லை. கேபிள் அல்லது முனை கோளாறு.

அடுத்து மெனுவில் நெட்வொர்க் பக்கம். பல டிவிஆர்களில் 192.168.1.108 போல ஒரு நிலையான முகவரி ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். உங்கள் ரூட்டர் வரிசைக்கு அது பொருந்தாது. ரூட்டரிடமிருந்து முகவரியைத் தானாக வாங்கும் டிஎச்சிபியை (DHCP) ஆன் செய்து சேமியுங்கள். கையால்தான் போடுவேன் என்றால் முகவரி 192.168.50.20, கேட்வே (ரூட்டரின் முகவரி) 192.168.50.1, டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) 8.8.8.8. இந்த மூன்றாவது வரியை விட்டுவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், கிளவுட் நிலை மட்டும் "ஆஃப்லைன்" என்றே நிற்கும்.

வெளியூரிலிருந்து பார்க்க அந்த நிறுவனத்தின் பி2பி அல்லது கிளவுட் வசதியை ஆன் செய்து, திரையில் வரும் கியூஆர் குறியைச் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து நேராக டிவிஆருக்கு வழி திறப்பது) செய்து தருகிறேன் என்று யாராவது கூலி கேட்டால் கொடுக்காதீர்கள். மொபைல் நெட்வொர்க்கில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுத்தான் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வழியே இல்லை. பி2பி முறையில் டிவிஆர் உள்ளிருந்து வெளியே போய்ப் பேசுவதால் அது மட்டும் நடக்கும்.

6. பிரிண்டர்

ஒயர் பிரிண்டரும் கம்ப்யூட்டரும் ஒரே ரூட்டரின் லேன் ஓட்டைகளில் இருந்தால் அச்சடிக்க இணையமே தேவையில்லை. ஹாட்ஸ்பாட் அணைந்திருந்தாலும் ஓடும். வீட்டிலுள்ள மற்ற போன்கள் ரூட்டரின் வைஃபையைப் பிடித்தால் அவற்றிலிருந்தும் பிரிண்ட் போகும். ஹாட்ஸ்பாட் விடும் அந்த ஒரு போனிலிருந்து மட்டும் போகாது. அது ரூட்டரின் சுவருக்கு வெளியே நிற்கிறது. உள்ளே இருக்கும் பிரிண்டர் அதன் கண்ணில் படாது. கோப்பை வேறு போனுக்கு அனுப்பி அச்சடிப்பதே சுலபம்.

7. டேட்டாவும் சிம்மும்

லேன் ஒயரில் இணையம் வந்தால் விண்டோஸ் அதை அளவில்லாத பிராட்பேண்ட் என்றே நினைத்துக்கொள்ளும். பின்னணியில் அப்டேட்டுகளை ஜிபி கணக்கில் இறக்கி, காலை பத்து மணிக்குள் அன்றைய பேக்கை முடித்துவிடும். செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் போய் "மீட்டர்டு கனெக்‌ஷன்" சுவிட்சை ஆன் செய்யுங்கள். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

டிவிஆர் சும்மா ஆன்லைனில் இருக்கப் பெரிதாக டேட்டா தின்னாது. பார்க்கும்போதுதான் செலவு. ஒரு கேமராவை 512 கிலோபிட் சப் ஸ்ட்ரீமில் (தரம் குறைத்த படம்) பார்த்தால் மணிக்குச் சுமார் 230 எம்பி. 2 எம்பிபிஎஸ் மெயின் ஸ்ட்ரீமில் (முழுத் தரப் படம்) பார்த்தால் மணிக்குச் சுமார் 900 எம்பி. நான்கு கேமராவையும் சேர்த்துத் திறந்தால் நான்கு மடங்கு. செயலியில் சப் ஸ்ட்ரீமையே இயல்பாக வையுங்கள். தினசரி அளவு முடிந்தால் பல பேக்குகளில் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கும். அதில் படம் வராது.

நீங்கள் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினால் வீட்டில் எல்லாம் நின்றுவிடும். டிவிஆருக்காகச் செய்கிறீர்கள் என்றால் பழைய 4ஜி போனும் தனி சிம்மும் கட்டாயம். சிம்முக்கு ஆதார் எண்ணும் கைரேகையும் போதும். வழக்கமாக அன்றே உயிர் பெற்றுவிடும். ஒருவர் பெயரில் தமிழ்நாட்டில் 9 இணைப்பு வரை வைத்திருக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை ஓடுகின்றன என்பதைச் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் போனில் வோல்ட்டி (VoLTE, 4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி) ஆனில் இருக்கட்டும். இல்லையென்றால் அழைப்பு வரும்போதெல்லாம் 4ஜி டேட்டா அறுந்துபோகும்.

இரவும் பகலும் சார்ஜரில் கிடக்கும் போனின் பேட்டரி உப்பக்கூடும். 80 அல்லது 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள். உறையைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை பின்மூடியைத் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

8. இணையம் வரவில்லை என்றால்

கருவியில் என்ன ஐபி முகவரி இருக்கிறது என்று பாருங்கள். கோளாறு எங்கே என்பதை அதுவே சொல்லிவிடும்.

169.254 என்று தொடங்கினால் யாரும் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது ரூட்டர் இன்னும் எழுந்திருக்காது. எக்ஸ்டெண்டர் வைத்திருப்பவர்களுக்கு இது வந்தால், மேலே சொன்ன வித்தை பலிக்கவில்லை.

192.168.50 வரிசையில் இருந்தால் கருவிக்கும் ரூட்டருக்கும் நடுவில் குறையில்லை. இப்போது ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். அங்கே 0.0.0.0 என்றிருந்தால் ரூட்டர் போனைப் பிடிக்கவில்லை: பாஸ்வேர்டு, பேண்ட், டபிள்யூபிஏ3, அல்லது ஹாட்ஸ்பாட்டே அணைந்திருக்கும். வேன் முகவரி சரியாக இருந்தும் இணையம் இல்லை என்றால் போனில் டேட்டா அணைந்திருக்கிறது, அல்லது அன்றைய பேக் முடிந்துவிட்டது. போனிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கரண்ட் போய் வந்தபின் மட்டும் இணைப்பு வராவிட்டால் ஒழுங்கு முக்கியம்: முதலில் போனில் ஹாட்ஸ்பாட், பிறகு ரூட்டர், கடைசியில் கருவி. போன் முழுக்க அணைந்து எழுந்திருந்தால் ஹாட்ஸ்பாட் தானாக வராது, கையால்தான் ஆன் செய்ய வேண்டும். அடிக்கடி மின்தடை உள்ள ஊரில் ரூட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்குங்கள். சுமார் 1,000 முதல் 1,500 ரூபாய். வாங்கும் முன் ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 802என் போல 5 வோல்ட்டில் ஓடுபவற்றைச் சாதாரண போன் சார்ஜரே இயக்கும். 9 அல்லது 12 வோல்ட் கேட்பதற்கு அதே அளவு வோல்ட் தரும் யூபிஎஸ்தான் வேண்டும். 9 வோல்ட் ரூட்டரில் 12 வோல்ட்டைச் சொருகிவிட்டால் வாரண்டியும் கைகொடுக்காது.